சராசரிக் குடும்பத்தின் வரவு செலவு

வாழ்க்கைச் செலவைப் பற்றிப் பேச முற்படுவோர் அனைவரும் முதலில் துணைக்கு அழைப்பது ‘சராசரிக் குடும்பம்’ என்ற ஒன்றையே. வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கும் அமைச்சர் அதன் பெயராற் பேசுகிறார். எதிர்ப்பவரும் அதன் பெயராலேயே எதிர்க்கிறார். பத்திரிகைத் தலையங்கங்களும் அதற்காகவே பரிந்துரைக்கின்றன. இத்தனை பேரின் அன்புக்குரிய அந்தக் குடும்பம் எங்கே வாழ்கிறது, என்ன உண்கிறது, மாதக் கடைசியில் யாரிடம் கைமாற்று வாங்குகிறது என்று கேட்போமாயின் விடை இலகுவிற் கிடைப்பதில்லை.

கணக்கு ஒன்று உண்டு. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வின்படி இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. ‘இவ்வளவு பணம் எந்த வீட்டுக்கு வருகிறது?’ என்று எம் அயலவர் பலர் வியந்தனர். அவர்கள் வியந்ததில் நியாயம் உண்டு. அதே ஆய்வு இன்னொரு தொகையையும் தந்தது. நாட்டின் குடும்பங்களை எல்லாம் வருமான வரிசையில் நிறுத்தி, நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தைப் பார்த்தால் அதன் வருமானம் 53,333 ரூபா மட்டுமே. அஃதாவது, நாட்டிற் பாதிக் குடும்பங்கள் இத்தொகைக்கும் குறைவாகவே பெற்றன. மேல்நிலையிலுள்ள ஐந்திலொரு பங்குக் குடும்பங்கள் மொத்த வருமானத்திற் பாதிக்குமேற் பெற, அடிநிலையிலுள்ள ஐந்திலொரு பங்கினருக்குக் கிடைத்தது நூற்றுக்கு ஐந்திற்கும் குறைவு. மாளிகையின் வருமானத்தையும் குடிசையின் வருமானத்தையும் கூட்டி இரண்டாற் பிரித்து, குடிசைக்காரனை நோக்கி ‘உன் வருமானம் இதுதான்’ என்று கூறுவதற்கே சராசரி என்று பெயர்.

நாம் பேசப்போவது அந்தக் கற்பனைக் குடும்பத்தைப் பற்றியன்று. வரிசையின் நடுவிலும் அதற்குக் கீழும் நிற்கும் குடும்பங்களைப் பற்றியே. நாமும் அவ்வரிசையில் நிற்பவர்கள்தாம். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் ஐந்து பேர் கொண்ட வீடு எமது வீடு. ஓர் ஆசிரியச் சம்பளமே அதன் தூண். அச்சம்பளத்தில் எமது தாயாரும், மனைவியும், பிள்ளைகள் இருவரும், நாமும் வாழ்கிறோம்.

எமது வீட்டில் நெடுநாளைய வழக்கம் ஒன்று உண்டு. மாதச் செலவைக் கொப்பியில் எழுதி வைப்பது. தாயார் தொடங்கிய அந்த வழக்கத்தை இப்போது மனைவி தொடர்கிறார். இடப்பெயர்வுகளிலே பல கொப்பிகள் தொலைந்தன; எஞ்சியவை சில. அவற்றுள் மிகப் பழையது எழுபதுகளைச் சேர்ந்தது. கூப்பன் அரிசி, சங்கக்கடைச் சீனி, அளந்து வாங்கிய துணி எல்லாம் அதில் உண்டு. இறக்குமதிக் கட்டுப்பாட்டின் காலம் அது. பாணுக்கு மக்கள் விடியுமுன் வரிசையில் நின்றனர். ஆயினும் வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராமையால் எமது தோட்டக்காரரின் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தது. சீனியின் வரியிலே சுருங்கிய கொப்பி, வரவுப் பக்கத்திலே மிளகாய் விற்ற காசால் சற்று நிமிர்ந்தது. தொண்ணூறுகளின் கொப்பியோ பொருளாதாரத் தடையின் கதையைச் சொல்கிறது. ஜாம் போத்தல் விளக்குக்குச் சிறிதளவு மண்ணெண்ணெய். சவர்க்காரம் என்ற வரி பல மாதங்களில் இல்லவே இல்லை. பனம்பழத்தைக் கரைத்துத் துணி தோய்த்த காலம் அது.

எனவே தட்டுப்பாடு எமக்குப் புதியதன்று. ஆனால் 2022ஆம் ஆண்டின் கொப்பி முன்னையவற்றிலிருந்து வேறுபடுகிறது. தடைக்காலத்தில் பொருளை மறித்தது சோதனைச்சாவடி. 2022இலோ முதலிற் பொருள் இல்லாமற் போயிற்று. பின்னர் பொருள் கடைக்குத் திரும்பி வந்தது, ஆனால் விலை எட்டாத உயரத்தில் நின்றது. கடை நிறையப் பொருளும் கை நிறைய வெறுமையும் என்ற இந்த நிலையையே நாம் இங்கு ஆராய வேண்டும்.

இது எப்படி வந்தது? 2019 டிசெம்பரில் பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு வரிகளும் குறைக்கப்பட்டன. அரசின் வருமானம் சுருங்கியது. 2020இல் வந்த பெருந்தொற்று உல்லாசப் பயணத்துறையை முடக்கி, நாட்டுக்கு வந்துகொண்டிருந்த அந்நியச் செலாவணியைக் குறைத்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானி அறிவித்தலாற் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை கைவிடப்படுமுன் விவசாயி அடைய வேண்டிய நட்டத்தை அடைந்துவிட்டான். 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதியைத் தாங்கிப்பிடித்திருந்த கை எடுக்கப்பட்டது; ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. இடையே ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. பருப்பும், கோதுமையும், பால்மாவும், எரிபொருளும், மருந்தும் கப்பலில் வரும் நாட்டில் ரூபாவின் வீழ்ச்சி நேரே அடுப்படிக்குள் வந்து விழும். இத்தீர்மானங்களுள் ஒன்றேனும் எமது அடுப்படியில் எடுக்கப்பட்டதன்று. கட்டணச் சீட்டு மட்டும் அங்கே வந்தது.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பொருள்களுக்கு மட்டும் அது 94.9 வீதம். உண்ணும் பொருளின் விலை ஓராண்டுக்குள் ஏறக்குறைய இரட்டித்துவிட்டது என்பதே இதன் பொருள். அவ்வாண்டு ஜனவரியில் அரசாங்க ஊழியர்க்கு மாதம் 5,000 ரூபா கொடுப்பனவு வழங்கப்பட்டது. அதனை நாமும் மகிழ்ச்சியோடு வரவுப் பக்கத்தில் எழுதினோம். அடுத்த மூன்று மாதங்களில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2,675 ரூபாவிலிருந்து ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. 540 ரூபா விற்ற 400 கிராம் பால்மாப் பைக்கற்று மார்ச்சில் 790 ரூபாவாயிற்று. மாதம் ஒரு சிலிண்டரும் நான்கு பைக்கற்றும் வாங்கும் வீட்டில், கொடுத்த 5,000 ரூபாவில் 3,185 ரூபாவை இவ்விரு பொருள்களே திரும்பக் கொண்டு சென்றன. அரிசியும் தேங்காயும் மருந்தும் பஸ் கட்டணமும் எஞ்சிய 1,815 ரூபாவுக்காகக் காத்து நின்றன.

இந்நிலையில் ஒரு குடும்பம் என்ன செய்யும்? வரவைக் கூட்ட இயலாதபோது செலவைக் குறைக்கும். ஆனால் எதனைக் குறைக்கும், எந்த ஒழுங்கிற் குறைக்கும் என்பதை எந்தச் சுட்டெண்ணும் எழுதுவதில்லை. எமது கொப்பியில் முதலில் மறைந்தது பால்மா. அடுத்து, விளைமீனும் பாரையும் நீங்கிச் சூடையும் நெத்தலியும் வந்தன. வாரத்தில் மூன்று நாள் மீன் என்பது ஒரு நாள் ஆயிற்று. எரிவாயு நீங்கி விறகு வந்தது. பனை மட்டையும் தென்னம் பாளையும் மீண்டும் மதிப்புப் பெற்றன. சிலிண்டரின் விலையைக் கொப்பி சேமிப்பாகக் காட்டிற்று. விறகு பொறுக்கவும் புகையில் நின்று ஊதவும் மனைவி செலவிட்ட இரண்டு மணி நேரத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? பின்னர் மகளின் தனியார் வகுப்புகளுள் ஒன்று நின்றது. அதற்கும் பின்னர், தாயாரின் இரத்த அழுத்தக் குளிசைக்கான செலவு பாதியாகக் குறைந்தது. மருந்து மலிந்ததோ என்று விசாரித்தபோதுதான், அவர் நாள்விட்டு நாள் குளிசை எடுத்துவந்தது தெரிந்தது. கொப்பியின் பார்வையில் அதுவும் ஒரு சேமிப்பு.

வறுமையின் கணக்கு எழுதப்பட்ட வரிகளில் இல்லை. எழுதப்படாமற் போன வரிகளிலேதான் உண்டு என்று நாம் கூறுவது இதனாலேயே. கடையில் வாங்கிய பொருளுக்கு விலை உண்டு. வாங்காமல் விட்ட பொருளுக்கு விலை இல்லை. ஆனால் அதன் வட்டியைப் பிள்ளையின் எலும்பும் தாயின் இரத்தமும் கட்டுகின்றன.

முன்னர் கூறிய ஆய்வு, இலங்கைக் குடும்பமொன்றிற் சராசரியாக 3.7 பேர் உள்ளனர் என்றும் சொல்கிறது. முழு ஆளாகாத அந்த மீதி யார் என்று வேடிக்கையாகக் கேட்கலாம். நாம் கண்டவரையில், எந்த வீட்டிலும் அந்த மீதி ஆள் சமைப்பவளேதான். எல்லோரும் உண்டபின் சட்டியில் எஞ்சும் சொதியோடு அவள் உணவு முடிகிறது. மீன் இருந்தால் தலை அவளுக்கு. இல்லையேல் அதுவும் இல்லை. ‘எனக்குப் பசியில்லை’ என்ற சொல் எம் பெண்களின் வாயில் எத்தனை இயல்பாக வருகிறது! நாட்டின் நெருக்கடி தாங்கப்பட்டது மத்திய வங்கியின் கட்டடத்தில் மட்டுமன்று, இப்பெண்களின் கோப்பைகளிலும்தான்.

எமது கொப்பியைப் பார்த்துவிட்டு நாமே துன்பத்தின் எல்லை என்று எண்ணுதல் தகாது. மாதக் கணக்கு எழுத முடிவதே ஒருவகை வசதி. மாதச் சம்பளம் வரும் வீட்டிலேதான் அது இயலும். அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவனுக்கு அந்தியில் வரவும் செலவும் ஒன்றாகவே முடிந்துவிடுகின்றன. எமது கரையோரத்து மீனவனை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய அவனது சிறு படகு மண்ணெண்ணெயில் ஓடுவது. 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக மண்ணெண்ணெய் உயர்ந்தது. கடலுக்குப் போகும் செலவு நான்கு மடங்கானபோது மீன் நான்கு மடங்கு அகப்படவில்லை. மீனின் விலை ஏறியது உண்மை. ஆனால் ஏறிய விலையை இயந்திரம் குடித்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றும் தோட்டக்காரனின் கதையும் இதுவே. எழுபதுகளில் விலையேற்றம் விளைவிப்பவனுக்குச் சிறிதேனும் கைகொடுத்தது. இம்முறை அது வாங்குபவனையும் விற்பவனையும் ஒருங்கே வீழ்த்தியது.

மலையகத்துக்குச் சென்றாற் கணக்கு இன்னுங் கொடியது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் 400 கிராம் பால்மா 790 ரூபா. பகல் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்த பெண், அந்த நாளின் உழைப்பைக் கொடுத்து ஒரு பைக்கற்றுப் பால்மா வாங்கினால், கையில் எஞ்சுவது 210 ரூபா. அச்சம்பளம் 1,350 ரூபாவாவதற்கு 2024 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலகின் சந்தைகளுக்குத் தேயிலை அனுப்பி நாட்டுக்கு டொலர் தேடித்தருபவள் அவள். டொலரின் விலை ஏறியபோது அவள் கூலி ஏறவில்லை; அவள் உண்ணும் ரொட்டியின் கோதுமை மா மட்டும் ஏறியது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியைப் பற்றி எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான பக்கங்களைவிட இந்த ஓர் உண்மை தெளிவானது.

இத்தகைய வேளைகளில் உபதேசிகள் பலர் தோன்றுவர். ‘சிக்கனமாக வாழுங்கள்’ என்பர். ‘வீட்டுத்தோட்டம் செய்யுங்கள்’ என்பர். 2022 யூனில் அரச ஊழியர் பயிரிடுவதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறையும் அளிக்கப்பட்டது. வீட்டுத்தோட்டத்தை நாம் இகழவில்லை. எமது வளவிலும் கத்தரியும் பயிற்றையும் நின்றன, இன்றும் நிற்கின்றன. ஆனால் கத்தரிச் செடியில் எரிவாயு காய்ப்பதில்லை. முருங்கையில் மருந்துக் குளிசை தொங்குவதில்லை. லயன் அறையில் வாழ்பவனுக்கும் நகரத்து வாடகை அறையில் வாழ்பவனுக்கும் தோட்டம் போட நிலம் எங்கே? சிக்கனம் என்பது உள்ளவனுக்குச் சொல்ல வேண்டிய நற்குணம். ஏற்கெனவே ஒரு தேங்காயை இரண்டு நாளுக்குப் பயன்படுத்துபவளிடம் அதனைப் போதிப்பது, நீந்தத் தெரிந்தவன் மூழ்குபவனுக்குக் கரையில் நின்று மூச்சுப் பயிற்சி கற்பிப்பது போன்றது.

உபதேசிகளுக்கு அடுத்து வருபவர் கணக்கர். ‘பணவீக்கம் வீழ்ந்துவிட்டது, இன்னும் என்ன குறை?’ என்பது அவர் வினா. வீழ்ந்தது உண்மைதான். 2023 செப்டெம்பரில் அது 1.3 வீதமாயிற்று, 2024 செப்டெம்பரிற் பூச்சியத்திற்கும் கீழே 0.5 வீதம் சென்றது. 2025 யூலை வரை பூச்சியத்திற்குக் கீழேயே நின்றது. இதனைப் பாமரரும் விளங்கும்படி கணக்கிடுவோம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்கூடை மறுவருடம் ஏறக்குறைய 170 ரூபா. அதற்கு அடுத்த வருடம் 172 ரூபா. அதற்கும் அடுத்த வருடம் 171 ரூபா. ஏணியில் ஏறுவதை நிறுத்திவிட்டான் என்றால் இறங்கிவிட்டான் என்று பொருளாகுமா? பணவீக்கம் குறைந்தது என்பது, விலை ஏறும் வேகம் குறைந்தது என்பது மட்டுமே. 71 ரூபா எங்கிருந்து வரும் என்ற வினா அப்படியே நிற்கிறது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2023இல் இந்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேர் வறுமைக் கோட்டின் கீழ் வாழ்ந்தனர். அந்த 71 ரூபாவைத் தேடி முடியாதவர்களே அவர்கள்.

அரசின் பெட்டியை நிரப்ப வேண்டிய தேவையும் எமக்கு விளங்காததன்று. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடனுக்கு ஒப்புதல் கிடைத்தது. அதற்குரிய நிபந்தனைகளும் உடன் வந்தன. ஆனால் யாரிடமிருந்து நிரப்புவது? 8 வீதமாக இருந்த பெறுமதிசேர் வரி 2022 யூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 வீதம் என்று ஏறியது. இவ்வரி வருமானத்தைக் கேட்டு அறவிடப்படுவதன்று. பொருளின் விலையோடு சேர்ந்து வருவது. சவர்க்காரக் கட்டியொன்றுக்கு மூட்டை சுமக்கும் தொழிலாளி கட்டும் வரியும் மொத்த வியாபாரி கட்டும் வரியும் சதக் கணக்கில் ஒன்றே. கட்டியபின் ஒருவனுக்கு அது தூசி. மற்றவனுக்கு அது ஒரு வேளைச் சோறு. சமமாக அறவிடப்படும் வரி நீதியான வரி ஆகிவிடாது.

நடந்துவந்த பாதையைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பயன்தரும். 1953 யூலையில் பங்கீட்டரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவிலும் கைவைக்கப்பட்டது. இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பையேற்று ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலில் இறங்கியது. உயிர்கள் பலியாயின. அமைச்சரவை, துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூட வேண்டியதாயிற்று. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். 2022 யூலையிலும் மக்கள் வீதிக்கு வந்தனர். ஒரு ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்தார். அடுப்படியின் குரல் அரச மாளிகை வரை கேட்கும் என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்று. ஆனால் இரண்டிலிருந்தும் நாம் கற்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஆள் மாறியவுடன் கணக்கு மாறுவதில்லை. சிங்களத் தாயின் சட்டியிலும் தமிழ்த் தாயின் சட்டியிலும் முஸ்லிம் தாயின் சட்டியிலும் அதே விலையே வேகிறது என்பதை உணர்ந்த மக்கள், வீடு திரும்பிய பின்னும் அவ்வுணர்வை ஓர் அமைப்பாக்கிக் காத்தாலன்றி வெற்றி நிலைப்பதில்லை.

செய்ய வேண்டியவை மறைபொருள் அல்ல. விலைவாசி ஏறும்போது கூலியும் தானாக ஏறும் ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு முறையும் தொழிலாளி மூன்று வருடம் மன்றாட வேண்டியதில்லை. வரியின் பாரம் சவர்க்காரத்திலிருந்து சொத்துக்கும் பெருவருமானத்துக்கும் நகர வேண்டும். பெயரளவில் எஞ்சியுள்ள சங்கக்கடைகள் உற்பத்தியாளனையும் நுகர்வோனையும் நேரே இணைக்கும் நிலையங்களாகப் புத்துயிர் பெற வேண்டும். 2023 யூலையில் தொடங்கிய ‘அஸ்வெசும’ உதவி, படிவம் நிரப்பத் தெரிந்தவனைத் தேடாமற் பசித்தவனைத் தேடிச் செல்ல வேண்டும். பாடசாலை மதிய உணவு எல்லாப் பிள்ளைக்கும் எட்ட வேண்டும்.

இவற்றைக் கேட்பதற்கு முன் எம் கையிலுள்ள வேலையொன்றும் உண்டு. கணக்குக் கொப்பிகளை எம் பெண்கள் இதுவரை அடுப்படிக்குள் வைத்தே எழுதிவந்தனர். வீட்டின் மானம் வெளியே தெரியக்கூடாது என்று மறைத்தும் வைத்தனர். இதில் மானங்கெட்டது எம் வீடு அன்று. கிராமந்தோறும் சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் இருக்கின்றன. இருபது வீடுகளின் கொப்பிகளை ஒரு மேசையில் வைத்து, 2021க்கு முன் இருந்து பின் மறைந்துபோன வரிகளைத் தொகுத்து எழுதுவோம். பாலா, மீனா, வகுப்புக் கட்டணமா, குளிசையா என்று ஒன்றொன்றாக எழுதுவோம். ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டம் வருமுன் அந்தப் பட்டியலைப் பிரதேச செயலகத்துக்கும் எமது பிரதிநிதிகளுக்கும் கையளிப்போம். நாட்டின் பொருளாதாரம் மீண்டுவிட்டது என்று எவரேனும் மேடையேறிக் கூறும்போது, அதனை மறுக்கவும் வேண்டாம், கைதட்டவும் வேண்டாம். மறைந்த வரிகளுள் எத்தனை எந்தெந்த வீட்டுக்குத் திரும்பி வந்துள்ளன என்று மட்டும் கேட்போம். அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் அவர்கள்.